முந்தைய ஓனர் மாட்டிய சைலன்சருக்கு நான் பொறுப்பா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கொங்குப் பகுதியில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் 31 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஏழு மாதங்களுக்கு முன் பழைய கார் விற்கும் ஒரு கார் கன்சல்டிங் கடையில், 2017 டிசம்பரில் பதிவான 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினார். 'பேப்பர் கிளியர், சின்னச் சின்ன மாடிஃபிகேஷன் மட்டும்' என்று விளம்பரம். பார்த்ததுமே பிடித்துப்போன 17 அங்குல அலாய் வீல், அதிரும் சைலன்சர், கறுப்பு ஃபிலிம், வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். பிறகுதான் ஒரு மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, இன்ஜின் ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்யப்பட்டிருப்பதையும், நச்சு வாயுவைக் குறைக்கும் இ.ஜி.ஆர். வால்வு அடைக்கப்பட்டிருப்பதையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே கழற்றப்பட்டிருப்பதையும் சொன்னார். மைலேஜ் 16-ஐத் தாண்டவில்லை. நண்பர் வைத்திருக்கும் இதே மாடல் 21 தருகிறது. போன மாதம் ஃபிலிமுக்கும் சத்தத்துக்கும் இ-சலான் வந்தது. மனைவிக்கு ஐந்தாம் மாதம். 'இந்தப் புகையிலயா குழந்தையக் கூட்டிட்டு வரப்போறோம்?' என்று கேட்கிறாராம். பத்து வருடம் ஆனால் டீசல் வண்டியை உடைக்கத்தான் வேண்டும், இப்போதே வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார் அப்பா. சி.என்.ஜி. கிட் மாட்டு என்கிறார் நண்பர். எலெக்ட்ரிக்காக மாற்றலாமா என்ற யோசனையும் இருக்கிறது. 'மாடிஃபை செய்தது நான் இல்லையே, எனக்கு என்ன பொறுப்பு? இன்சூரன்ஸ் இருக்கிறது, புகைச் சான்றும் அடுத்த வருடம் வரை செல்லும். காரைப் பிடிக்கும், அதை விடவும் மனமில்லை. என்ன செய்யட்டும்?' என்று முடிக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இ-சலானில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் இன்சூரன்ஸில் தொடங்குகிறேன். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களில் நின்று பழகியவனுக்கு ரோட்டில் கட்டும் அபராதம் பெரிய விஷயமாகத் தெரியாது. அது சில ஆயிரங்களோடு போய்விடும். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் தன் அறிக்கையில் எழுதும் நான்கு வரிதான் வீட்டுப் பத்திரம் வரைக்கும் வரக்கூடியது.

'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். முதலில் அது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் பெயர் மாறினால் பாலிசியும் தானாக மாறிவிடும் என்பது பலருடைய எண்ணம். அது பாதிதான் உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவுப்படி, மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும் வண்டியோடு உங்களிடம் வரும். உங்கள் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதி பாலிசியில் பெயரை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

பெயர் மாறியிருந்தாலும், விண்ணப்பத்தில் வண்டியின் மாற்றங்களைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், யாரும் சொல்வதில்லை. முக்கியமான ஓர் உண்மையை மறைத்து வாங்கிய பாலிசி செல்லாது என்று வாதிட, 150-வது பிரிவு கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. அந்த வாதம் எல்லா வழக்கிலும் வென்றுவிடாது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்றால் அதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதே 2004-ம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பின் சாரம். அதனால் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் பணம் போய்ச் சேரும். ஆனால் 'கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்றும் ஓர் உத்தரவு போட முடியும். அப்போது அந்த உரிமையாளர் நீங்கள். கண்ணைக் கூசும் விளக்கு, சக்கரத்தின் மேல் மூடியான ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் இதெல்லாம் விபத்துக்குக் காரணம் என்று காட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. இருட்டில் எதிரே வந்த பைக்காரர் சொல்லும் ஒரு சாட்சியம் போதும்.

சொந்த சேதத்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சாதகமான தீர்ப்புகளும் உண்டு. நிபந்தனை மீறல் விபத்துக்குக் காரணமாக இல்லாதபோது கிளெய்மை முழுக்க நிராகரிக்கக் கூடாது என்று 1996-ல் பி.வி. நாகராஜு வழக்கிலும், ஒரு பகுதியையாவது கொடுக்கத்தான் வேண்டும் என்று 2010-ல் அமலேந்து சாகு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டுமே உச்ச நீதிமன்றம் வரை ஏறித்தான் கிடைத்தன என்பதை மறந்துவிடாதீர்கள்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

'மாடிஃபை செய்தது நான் இல்லை' என்ற உங்கள் வாதத்துக்கு வருவோம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. மாநில விதி எப்படி இருந்தாலும் 52-வது பிரிவுக்குக் கட்டுப்பட்டதுதான் என்றது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் காரில் சைலன்சர், ரீமேப், இ.ஜி.ஆர்., கன்வெர்ட்டர், வீல், விளக்கு என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

ஆனால் அந்தப் பிரிவு மாற்றத்தைச் செய்த உரிமையாளரைத்தான் பேசுகிறது. நீங்கள் செய்யவில்லை. உங்கள் வாதம் அங்கே நிற்கும்.

அடுத்த பிரிவில் நிற்காது. 190(2)-ல் யார் செய்தார் என்ற கேள்வியே கிடையாது. பாதுகாப்பு, சத்தம், புகை இவற்றுக்கான தரத்தை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுகிறவர், ஓட்ட விடுகிறவர் இருவருமே குற்றவாளிகள். முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி இழப்பு. நடைமுறையில் யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. லைசென்ஸ் போனால்தான் வேலைக்குப் போய்வருபவருக்கு வலிக்கும். அதுவும், மெக்கானிக் ஸ்கேனர் போட்டுச் சொன்ன நாளிலிருந்து 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வாய்ப்பும் உங்களுக்குப் போய்விட்டது.

இப்போது வந்திருக்கும் இ-சலானைக் கட்டிவிடுங்கள். நிலுவையில் விட்டால் நாளைக்கு வண்டியை விற்கும்போது பரிவாகன் இணையதளத்தில் அதுவே முட்டுக்கட்டையாக நிற்கும். சத்தத்துக்கான சலானை எதிர்த்து வாதாடும் நிலையில் நீங்கள் இல்லை. ஃபிலிம் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடியில் ஒட்டும் எந்த ஃபிலிமும் கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பிறகு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 100 திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி, குறிப்பிட்ட அளவு வெளிச்சம் உள்ளே வந்தால் ஃபிலிம் அனுமதிக்கப்பட்டதே என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. முன், பின் கண்ணாடிக்கு 70 சதவீதம், பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதம் வெளிச்சம் வர வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பைக் காட்டி சாலையில் நின்று வாதாடலாம்தான், உங்களுக்கு நேரம் இருந்தால். ஆனால் உங்கள் காரில் இருப்பது உள்ளே இருப்பவர் முகமே தெரியாத கறுப்பு. அதற்கு அந்தத் தீர்ப்பும் துணைக்கு வராது. கிழித்துவிடுங்கள்.

விற்றவரிடம் கேட்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. கண்ணுக்கு நேரே தெரிந்த வீல், சைலன்சர், ஃபிலிம் இவற்றுக்காக அவரிடம் போய் நிற்காதீர்கள். பார்த்துத்தான் வாங்கினீர்கள், பிடித்துத்தான் வாங்கினீர்கள். கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், எதிர்த்தரப்பு வக்கீலும் அதையேதான் கேட்பார். ரீமேப், இ.ஜி.ஆர். அடைப்பு, காணாமல்போன கன்வெர்ட்டர் மூன்றும் வேறு. காரின் அடியில் இருப்பதையும் கணினியின் உள்ளே இருப்பதையும் வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாது. 'சின்னச் சின்ன மாடிஃபிகேஷன்' என்ற விளம்பரத்துக்குள் இவற்றை அடக்கவும் முடியாது.

தனி மனிதரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்டைத்தான் நாட வேண்டும். நீங்கள் வாங்கியது தொழிலாக விற்கும் கடையில். எனவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு இரண்டு ஆண்டு. வண்டி விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வண்டி விற்கும் வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உங்கள் கன்சல்டிங்காரரிடம் அது இருக்கிறதா என்று நோட்டீஸில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பலர் சமாதானத்துக்கு இறங்கி வருவார்கள்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. நான் மேலே சொன்ன 182-ஏ பிரிவின் முதல் உட்பிரிவு, விதிகளுக்கு முரணான வண்டியை விற்கும் அல்லது மாற்றும் 'டீலருக்கு' ஓராண்டு வரை சிறை அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. டீலர் என்பதன் சட்ட விளக்கத்தில் வண்டி பழுதுபார்க்கும் தொழில் செய்பவரும் அடக்கம். எனவே கன்வெர்ட்டரைக் கழற்றிய மாடிஃபிகேஷன் கடைக்காரர் இதில் நேராக மாட்டுவார். பழைய கார் கன்சல்டிங்கும் வருமா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் இதை மிரட்டலாக வாய்விட்டுச் சொல்லாதீர்கள். வக்கீல் நோட்டீஸில் ஒரு பத்தியாக இருந்தால் போதும்.

என்ன கேட்கலாம்? காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணம் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏழு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். கழற்றியதை மறுபடி பொருத்தி, இன்ஜினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட்டையும் மெக்கானிக்கின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இணைத்தால் அந்தத் தொகைக்கு ஒரு கணக்கு இருக்கும்.

புகைச் சான்று எதைச் சொல்லாது?

'புகைச் சான்று செல்லும், அதனால் புகை பிரச்சினை இல்லை' என்பது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய வரி. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் பங்க்கில் செய்யும் சோதனை ஒன்றே ஒன்றுதான். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து, வெளியே வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பார்கள். பி.எஸ்.-4 என்ற புகைத் தரத்தில் வந்த உங்கள் காருக்கு அந்த அடர்த்தி அளவு 50-க்குள் இருந்தால் சான்று, அது ஓராண்டுக்குச் செல்லும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகளை அந்தக் கருவி அளப்பதே இல்லை. அவற்றைக் குறைக்கத்தான் இ.ஜி.ஆர். வால்வு வைத்திருக்கிறார்கள். அதை அடைத்தால் இந்தச் சோதனையில் தெரியாது, சில சமயம் கரும்புகை குறைந்ததுபோலக்கூடத் தெரியும். ஆனால் சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் மூச்சுக்குள் போவது கூடும். கன்வெர்ட்டர் செய்த வேலை கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் எரித்து முடிப்பது. அந்த இடத்தில் இப்போது வெறும் குழாய். ரீமேப் கூடுதல் டீசலைத் தள்ளும்போது ஏற்றத்தில் பின்னால் கறுப்பாக வருவதை உங்கள் மனைவி பார்த்திருக்கிறார். கேள்வி கேட்டது அவர், சான்றை நம்பியது நீங்கள்.

மைலேஜையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். 16 வீதம் என்றால் 62 லிட்டருக்கு மேல், 21 வீதம் என்றால் 48-க்குள். வித்தியாசம் மாதம் 15 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக முன்பு யாரோ ஒருவர் செய்த அலங்காரத்துக்காக மாதம் சுமார் 39 கிலோ கூடுதலாக விடுகிறீர்கள். அந்தப் பதினைந்து லிட்டருக்கான காசு யாருடைய பையிலிருந்து போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா, நண்பர், எலெக்ட்ரிக்

உங்கள் அப்பா சொல்லும் பத்து வருடக் கணக்கு டெல்லியைச் சேர்ந்தது. பத்து வருடம் தாண்டிய டீசலும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-லும் உச்ச நீதிமன்றம் 2018-லும் சொன்னது டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் மண்டலத்தையும் பற்றி மட்டுமே. அங்கேயும்கூட 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் வைத்துக் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் உங்கள் ஆர்.சி. 2032 வரை செல்லும். அதன்பிறகு வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம். ஆனால் காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் இந்த சைலன்சரோடு போய் நிற்க முடியாது. அப்பாவிடம் பதற்றம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நண்பரின் சி.என்.ஜி. யோசனை பெட்ரோல் காருக்குப் பொருந்தும். பெட்ரோல் இன்ஜினில் கிட் மாட்டலாம், டீசல் இன்ஜினில் அப்படி மாட்ட முடியாது. டீசலில் தீப்பொறி பிளக்கே கிடையாதே. டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு சி.என்.ஜி. இன்ஜின் வைக்க விதிகளில் வழி இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் மாடலுக்கென்று ஒப்புதல் பெற்ற இன்ஜின் வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும், பாலிசியில் ஏற வேண்டும், சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எட்டு வருட ஹேட்ச்பேக்குக்கு இது கட்டுப்படியாகாது. ஒப்புதல் இல்லாத கிட்டை 'ஆர்.டி.ஓ. விஷயத்தை நான் பார்த்துக்கிறேன்' என்று மாட்டித் தருகிறவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். எரிவாயு சிலிண்டரோடு சட்டவிரோதம் சேரும்போது நான் மேலே சொன்ன இன்சூரன்ஸ் வாதங்கள் எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

எலெக்ட்ரிக் மாற்றத்துக்கும் 52-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. அங்கும் அதே நிபந்தனைதான். அந்த மாடலுக்காகச் சோதித்து ஒப்புதல் தரப்பட்ட கிட், அதைப் பொருத்த அனுமதி பெற்ற பட்டறை, ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம். சில லட்சம் செலவாகும். அதற்குமேல் கொஞ்சம் போட்டால் பேட்டரி வாரண்டியோடு ஒரு பழைய எலெக்ட்ரிக் காரே வாங்கலாம். அப்படி வாங்குவதாக இருந்தால், ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நாட்டின் மின்சாரத்தில் சராசரியாக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 150, 160 யூனிட் போகும் என்று வைத்தால், 21 தரும் உங்கள் சின்ன டீசலோடு ஒப்பிடும்போது வித்தியாசம் விளம்பரங்கள் சொல்லுமளவு இல்லை. டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் எலெக்ட்ரிக் முந்தும், வீட்டு மொட்டைமாடியில் சோலார் இருந்தால் வெகுதூரம் முந்தும். தெருவில் புகையே இல்லை என்பது முதல் நாளிலிருந்தே கிடைக்கும் லாபம், குழந்தை பிறக்கப்போகும் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. என் யோசனை, காரை இப்போது சரிசெய்யுங்கள், நாலைந்து வருடம் ஓட்டுங்கள், அடுத்த கார் எலெக்ட்ரிக்காக இருக்கட்டும். சரிசெய்யாமல் இன்றே விற்றால் அதே புகை வேறொருவர் பெயரில் ஓடும். அதோடு, தெரிந்தே மறைத்து விற்றவர் என்ற இடத்துக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள்.

சரிசெய்யும் வரிசை

முதலில் இன்ஜின் கணினியில் பழைய மென்பொருள். ரீமேப் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரிஜினல் ஃபைலை எடுத்து வைத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால் கம்பெனி சர்வீஸில் ஏற்றிவிடலாம். இ.ஜி.ஆர். பாதையில் வைத்திருக்கும் தகட்டை எடுத்து வால்வைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கன்வெர்ட்டரும் சைலன்சரும் செலவு வைக்கும். சென்னை புதுப்பேட்டையிலோ உங்கள் பக்கத்துக் காயலான் கடையிலோ கன்வெர்ட்டர் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் பில் இல்லாத கன்வெர்ட்டரை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் விலை உயர்ந்த உலோகத்துக்காகத் திருடப்படும் பொருள் அது, உள்ளே காலியாகவும் இருக்கலாம்.

வீல் உங்களுக்குப் பிடித்தது என்பது தெரிகிறது. அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் கம்பெனியே கொடுத்த அளவு அலாய் மாட்டுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 17 அங்குலம் எடையைக் கூட்டும், மைலேஜைத் தின்னும், ஸ்பீடாமீட்டரையும் பொய் சொல்ல வைக்கும். விளக்கையும் பழைய ஹாலஜனுக்கே மாற்றுங்கள். ஹாலஜனுக்காக வடிவமைத்த கூட்டுக்குள் எல்.இ.டி. பல்ப் செருகினால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில்தான் விழும். முன்னால் இரும்பு கிராஷ் கார்டு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கழற்றிவிடுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஏர்பேக் திறப்பதையும் அது கெடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் பில்களோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம். மிச்சம் வைத்திருக்கும் ஆடியோ சிஸ்டம், அலாய் இவற்றை ஆக்சஸரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும்.

ஓட்டும் விதத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது மைலேஜுக்காக நியூட்ரலில் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உங்கள் இன்ஜின் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காக எண்ணெய் குடிக்கும். அதோடு இன்ஜின் பிரேக்கும் இல்லாமல் போய், கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறிப்போகும். மிச்சமாவதும் ஒன்றுமில்லை. டயர் காற்றை மாதம் இருமுறை பார்ப்பது, மேலே இருக்கும் காலி கேரியரைக் கழற்றுவது, நிழலில் நிறுத்தி போனில் பேசும்போது இன்ஜினை அணைப்பது, இவை தெரிந்தவைதான்.

ஆசை

ஆசையை விடச் சொல்ல மாட்டேன். கோவைப் பக்கத்துக்காரரிடம் கார் ஆசையை விடச் சொன்னால் கேட்பாரா? உள்ளே சீட், ஆடியோ, விளக்கு எல்லாம் உங்கள் இஷ்டம். சீட்டில் பக்க ஏர்பேக் இருந்தால் அதை மூடும் கவர் மட்டும் வேண்டாம். நிறத்தை மாற்ற விரும்பினால் ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு அனுமதி உண்டு. நம்பர் பிளேட்டில் எந்த ஸ்டிக்கரும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மலையேறும் பழக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். வரிசையாகப் போவது குற்றமில்லை, யார் முதலில் என்று போட்டி வந்த நிமிடத்திலிருந்து 189-வது பிரிவு பேசும். மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அல்லது இரண்டும். வேகம் பார்க்க வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு டிராக் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் முன் உங்கள் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டும் வெளியே தள்ளப்பட்டிருக்கும். டிராக்கில் காருக்கு ஆகும் சேதம் உங்கள் சொந்தச் செலவு.

கடைசியாக, அவசரமான ஒன்று. கன்சல்டிங்காரரின் விளம்பரம் இன்னும் இணையத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸ் போன மறுநாள் அது இருக்காது. இன்றே முழுப் பக்கத்தையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வையுங்கள், அந்த போனையும் மாற்றிவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரங்களுக்கான சான்றிதழையும், அதாவது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழையும், உங்கள் வக்கீல் கேட்பார். மெக்கானிக்கிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையெழுத்தும் கடை முத்திரையும் போட்டு வாங்குங்கள். பழைய நிலைக்கு மாற்ற வண்டியை விடுவதற்கு முன் வாங்க வேண்டும். மாற்றிய பிறகு நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.